கணக்குப்பிள்ளையின் நோட்டும் பாதிரியாரின் பெட்டியும்

குழந்தைகளே! உங்களிடம் ஒரு சின்னக் கேள்வி. உங்கள் பெயர் மொத்தம் எத்தனை நோட்டுகளில் எழுதப்பட்டிருக்கிறது?

"பள்ளிக்கூட வருகைப் பதிவேடு" என்று உடனே சொல்லிவிடுவீர்கள். இன்னும் கொஞ்சம் யோசியுங்கள். நீங்கள் பிறந்ததும் பிறப்புப் பதிவேட்டில் எழுதினார்கள். தடுப்பூசி அட்டையில் எழுதினார்கள். ரேஷன் கார்டில் சேர்த்தார்கள். ஆதார் எடுத்தார்கள். 'அம்மா' என்று ஒழுங்காகச் சொல்லத் தெரிவதற்கு முன்பே நீங்கள் நாலைந்து இடங்களில் பதிவாகிவிட்டீர்கள்!

சரி, சுமார் 150 வருஷத்துக்கு முன்னால் மல்லசமுத்திரம் பக்கத்தில் உங்கள் வயதில் ஒரு பையனோ பெண்ணோ இருந்திருந்தால்? அவர்கள் பெயர் எந்த நோட்டில் இருந்திருக்கும்?

அது விக்டோரியா மகாராணியின் காலம். 1837 முதல் 1901 வரை 63 ஆண்டுகள் அவர் அரசியாக இருந்தார். இங்கிலாந்துக் கிராமங்களையும் சேலம் ஜில்லாக் கிராமங்களையும் அவர் பெயரால்தான் ஆண்டார்கள். மகாராணி நம் பக்கம் ஒரு தடவைகூட வந்ததில்லை. ஆனால் இங்கே எத்தனை ஏக்கரில் கம்பு விதைத்தார்கள் என்ற கணக்கு அவருடைய அதிகாரிகளுக்குத் தெரியும்! எப்படி? எல்லாம் ஊர் நோட்டுகளின் வேலைதான். அந்த நோட்டுகளைக் கொஞ்சம் புரட்டிப் பார்ப்போமா?

பூட்டுப் போட்ட பெட்டி

முதலில் இங்கிலாந்துக் கிராமம் ஒன்றுக்குப் போய் வருவோம்.

ஊரின் நடுவே கல்லால் கட்டிய ஒரு தேவாலயம். அதைச் சுற்றி வீடுகள், வயல்கள், மேய்ச்சல் நிலம். இதெல்லாம் சேர்ந்ததுதான் ஒரு 'பாரிஷ்'. நம் ஊர்க் கிறிஸ்தவ நண்பர்களைக் கேட்டால் 'பங்கு' என்றோ 'சேகரம்' என்றோ சொல்வார்கள். பாரிஷுக்கு ஒரு பாதிரியார் இருப்பார். பூஜை நடத்துவது மட்டும் அவர் வேலை அல்ல. பள்ளிக்கூடத்தை மேற்பார்வை பார்ப்பார். ஏழைகளுக்கு உதவி சேர்ப்பார். எல்லாவற்றுக்கும் மேலாக, ஊர்ப் பதிவேட்டை எழுதுவார்.

1538-ல் எட்டாம் ஹென்றி மன்னர் காலத்தில் ஓர் உத்தரவு போட்டார்கள். ஒவ்வொரு பாரிஷிலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் எழுதி வைக்க வேண்டும். அந்தப் புத்தகத்தை இரண்டு பூட்டுகள் உள்ள பெட்டியில் வைக்க வேண்டும். ஒரு சாவி பாதிரியாரிடம், இன்னொன்று ஆலயப் பொறுப்பாளர்களிடம்! ஒருவர் தனியாகத் திறந்து எதையும் திருத்திவிட முடியாது. நல்ல யோசனை, இல்லையா?

விக்டோரியா காலத்து ஞானஸ்நானப் பதிவேட்டில் அச்சடித்த கட்டங்கள் இருந்தன. குழந்தையின் பெயர், பெற்றோர் பெயர், ஊர், அப்பாவின் தொழில். கிராமத்துப் பதிவேட்டைப் புரட்டினால் தொழில் என்ற கட்டத்தில் 'கூலி', 'கூலி', 'கூலி' என்றே வரிசையாக வரும். பெரும்பாலானவர்கள் பண்ணையாரின் நிலத்தில் கூலிக்கு உழைத்தவர்கள். கல்யாணப் பதிவேட்டில் மணமகனும் மணமகளும் கையெழுத்துப் போட வேண்டும். எழுதத் தெரியாதவர்கள் ஒரு பெருக்கல் குறி போடுவார்கள். நம் ஊர்க் கைநாட்டு மாதிரிதான்!

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் கூலிக்காரருக்குச் சொந்தமாக ஒரு கைப்பிடி மண் கிடையாது. இருந்தாலும் அவர் குழந்தைக்குப் பதிவேட்டில் ஒரு வரி இருந்தது.

ஏரி ஊரின் கணக்கு

இப்போது நம் பக்கம் வருவோம். சேலத்துக்கும் திருச்செங்கோட்டுக்கும் இடையில் உள்ள சமவெளி. 'சமுத்திரம்' என்று முடியும் ஊர்ப் பெயர்களைத் தமிழ்நாட்டில் நிறையப் பார்க்கலாம். கடலுக்கும் அந்த ஊர்களுக்கும் சம்பந்தமில்லை. பெரிய ஏரி உள்ள ஊருக்கு அப்படிப் பெயர் வைப்பது வழக்கம். மழை குறைவான இந்தப் பக்கத்தில் ஒரு ஏரி நிரம்பினால் அது மக்களுக்குச் சமுத்திரம்தானே!

அன்று நாமக்கல் மாவட்டம் கிடையாது. அது 1997-ல்தான் பிறந்தது. இன்றைய சேலம், நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் சேர்ந்து ஒரே சேலம் ஜில்லாவாக இருந்தது. மல்லசமுத்திரம் அதில் திருச்செங்கோடு தாலுகா ஊர்.

வயலில் கம்பு, சோளம், கேழ்வரகு, பருத்தி, ஆமணக்கு. கிணற்றிலிருந்து மாடு கட்டிக் கவலை இறைப்பார்கள். மாடுகள் சரிவில் இறங்கினால் தோல் சால் தண்ணீரோடு மேலே வரும். தினமும் கம்பங்கூழ் அல்லது களி. நெல்லுச்சோறு என்றால் அன்று பண்டிகை!

பாரிஷுக்குப் பாதிரியார் போல, இங்கே ஊருக்கு ஊர் சில அதிகாரிகள் இருந்தார்கள்.

மணியக்காரர்: ஊர்த் தலைவர். வரி வசூலிப்பார். சின்னச் சின்ன வழக்குகளைத் தீர்ப்பார்.

கணக்குப்பிள்ளை: ஊர்க் கணக்கு முழுவதும் இவர் கையில். 'கர்ணம்' என்றும் சொல்வார்கள்.

தலையாரி: ஊர்க் காவல்.

வெட்டியான்: தகவல் கொண்டு போவது முதல் ஏராளமான வேலைகள். கடைசி வரிசையில் இவரை நிறுத்தினார்கள். ஆனால் ஊரில் எந்த நிலத்தின் எல்லை எது என்பது இவருக்குத்தான் நன்றாகத் தெரியும்!

ஏரித் தண்ணீரைப் பங்கிட்டு விட நீர்கட்டி என்று ஒருவரும் பல ஊர்களில் இருந்தார். கொல்லர், தச்சர், குயவர், வண்ணார், நாவிதர் ஆகியோருக்கு மாதச் சம்பளம் கிடையாது. அறுவடையின்போது களத்துமேட்டில் தானியமாக அளந்து கொடுப்பார்கள்.

கணக்குப்பிள்ளையின் நோட்டில் என்ன இருக்கும்? எந்த வயலில் என்ன பயிர் என்பதற்கு 'அடங்கல்'. யாருக்கு எவ்வளவு நிலம், எவ்வளவு தீர்வை என்பதற்கு 'சிட்டா'. இந்தப் பெயர்கள் உங்களுக்குப் புதிது அல்ல. இன்றும் வீட்டில் பெரியவர்கள் 'சிட்டா அடங்கல் வாங்கணும்' என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள்!

இந்த ஏற்பாட்டுக்கு நம் ஜில்லாவோடு தனிச் சொந்தம் உண்டு. 1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து சேலம் பகுதி ஆங்கிலேயர் கைக்கு வந்தது. அலெக்சாண்டர் ரீட் என்பவர் அதைக் கவனிக்க வந்தார். தாமஸ் மன்றோ அவருக்கு உதவியாளர். ஒவ்வொரு வயலையும் அளந்து, ஒவ்வொரு விவசாயியிடமும் அரசாங்கம் நேரடியாக வரி வாங்கும் 'ரயத்வாரி' முறையை இவர்கள் இங்கேதான் வளர்த்தார்கள். மன்றோ பிறகு சென்னை கவர்னரும் ஆனார்.

வருஷத்துக்கு ஒருமுறை 'ஜமாபந்தி' நடக்கும். அதிகாரிகள் முன்னால் ஊர் நோட்டுகளை வைத்துக் கணக்குக் காட்ட வேண்டும். இன்றும் தாலுகா அலுவலகங்களில் ஜமாபந்தி நடக்கிறது!

இரண்டு நோட்டுகளையும் இப்போது பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பாதிரியாரின் புத்தகம் ஆட்களை எழுதியது. கணக்குப்பிள்ளையின் புத்தகம் முக்கியமாக நிலத்தை எழுதியது. நிலம் இருந்தால் உங்கள் தாத்தாவுக்குத் தாத்தாவின் பெயர் அதில் இருக்கலாம். நிலம் இல்லாத கூலிக்காரருக்குச் சிட்டாவில் ஒரு வரிகூட இல்லை. அவர் வீட்டுக் குழந்தைகளுக்கும் இல்லை.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சீக்கிரமே தெரியப் போகிறது.

கணக்குப் போடுங்கள்!

ஊர்க் கணக்கில் ஜனவரியில் வருஷம் பிறக்காது. ஜூலை முதல் தேதிதான் புது வருஷம்! அதற்குப் 'பசலி' ஆண்டு என்று பெயர். ஜூலைக்கும் டிசம்பருக்கும் இடையில் என்றால் ஆங்கில வருஷத்திலிருந்து 590-ஐக் கழியுங்கள். ஜனவரிக்கும் ஜூனுக்கும் இடையில் என்றால் 591-ஐக் கழியுங்கள். 1876 ஜூலையில் பிறந்தது பசலி 1286. நீங்கள் எந்தப் பசலியில் பிறந்தீர்கள்?

மணலில் எழுதிய பாடம்

பள்ளிக்கூடம்? ஊரில் யாராவது ஒருவர் வீட்டுத் திண்ணைதான் பள்ளிக்கூடம். வாத்தியாருக்குச் சம்பளம் தானியமாகவும் சில்லறையாகவும் வரும். பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகி, பிறகு ஓலைக்குப் போவார்கள். எண்சுவடியை மனப்பாடம் செய்ய வேண்டும். அரை, கால், அரைக்கால், மாகாணி, முந்திரி என்று பின்னங்களைக் கடகடவென்று ஒப்பிக்க வேண்டும். முந்திரி என்றால் 320-ல் ஒரு பங்கு! தவறினால் பிரம்பு.

எல்லாக் குழந்தைகளும் அந்தத் திண்ணையில் உட்கார முடியாது. பெண் குழந்தைகள் மிக மிகக் குறைவு. தாழ்த்தப்பட்ட சாதி என்று ஒதுக்கப்பட்டவர்களின் பிள்ளைகளைத் திண்ணையில் ஏறவே விடவில்லை. மற்றவர்களிலும் ஏழை வீட்டுப் பையன் ஆடு மேய்க்கப் போயிருப்பான்.

இங்கிலாந்தில் மட்டும் என்ன வாழ்ந்தது? அங்கும் 1880 வரை எல்லாக் குழந்தைகளும் பள்ளிக்கு வந்தே தீர வேண்டும் என்ற பொதுச் சட்டம் இல்லை. 1880-ல் பத்து வயது வரை கட்டாயம் என்று ஆக்கினார்கள். அதன் பிறகும் தலைமை ஆசிரியர்களின் குறிப்பேடுகளில் ஒரே புலம்பல்தான்: அறுவடைக்குப் போனதால் பிள்ளைகள் வரவில்லை, உருளைக்கிழங்கு தோண்டப் போனதால் வரவில்லை, வயலில் பறவை விரட்டப் போனதால் வரவில்லை! தொடக்கப் பள்ளிகளில் கட்டணத்தைப் பெரும்பாலும் நீக்கியது 1891-ல்தான்.

பாருங்கள், கடல் கடந்த இரண்டு ஊர்களிலும் ஏழை வீட்டுப் பிள்ளைகளின் கதை ஒன்றுபோலவே இருந்தது.

ஒரே தப்பு, இரண்டு தண்டனை

மணியக்காரருக்குச் சின்ன நீதிபதி வேலையும் உண்டு என்றோம் அல்லவா? 1816-ல் சென்னை மாகாணத்தில் போட்ட சட்டப்படி, 10 ரூபாய் வரை உள்ள வழக்குகளை அவரே தீர்க்கலாம். அந்தக் காலத்தில் 10 ரூபாய் பெரிய தொகை!

சண்டை, அடிதடி போன்ற சிறு குற்றம் செய்தவரைச் சாவடியில் 12 மணி நேரம் வரை அடைத்து வைக்கலாம். ஆனால் தாழ்ந்த சாதி என்று சொல்லப்பட்டவர் அதே தப்பைச் செய்தால்? தொழுமரத்தில் மாட்டி 6 மணி நேரம் வரை வைக்கலாம்! இரண்டு பலகைகளுக்கு நடுவே கை கால்களைப் பூட்டி எல்லோரும் பார்க்க உட்கார வைப்பதுதான் தொழுமரம். சாதியைப் பார்த்துத் தண்டனையை மாற்றும் இந்த வரி, அச்சடித்த சட்டப் புத்தகத்திலேயே இருந்தது.

இங்கிலாந்துக் கிராமங்களிலும் தொழுமரம் இருந்தது. 1870களோடு அங்கே அது வழக்கொழிந்தது. இங்கே 20ஆம் நூற்றாண்டு பிறந்த பிறகும் அந்தச் சட்டம் உயிரோடு இருந்தது. எழுதி வைத்திருப்பதெல்லாம் நியாயம் ஆகிவிடாது என்பதற்கு இது ஒரு சாட்சி.

தாது வருஷம்

1876. தமிழ்க் கணக்கில் தாது வருஷம். அந்த ஆண்டு மழை பொய்த்தது. ஏரிகள் வறண்டன. கிணறுகளில் சால் தரை தட்டியது. அடுத்த ஆண்டும் செப்டம்பர் வரை நல்ல மழை இல்லை. தென்னிந்தியா முழுவதும் பெரும் பஞ்சம். மிக மோசமாக அடிபட்ட ஜில்லாக்களில் ஒன்று சேலம்.

கம்பு, கேழ்வரகு விலை ஏழைக்கு எட்டாத உயரத்துக்குப் போனது. முதலில் விழுந்தவர்கள் யார் தெரியுமா? சிட்டாவில் பெயர் இல்லாதவர்கள்தான். விவசாயியின் குதிரில் கொஞ்சம் தானியம் இருக்கலாம். விற்க மாடு இருக்கலாம். அறுவடையே இல்லை என்றால் கூலிக்காரருக்கு வேலை ஏது? களத்துமேட்டில் நெல்லோ கம்போ குவியாதபோது குயவருக்கும் வண்ணாருக்கும் அளந்து கொடுக்க என்ன இருக்கும்?

'ரயில் இல்லையா?' என்று நீங்கள் கேட்கலாம். இருந்தது! 1860களின் தொடக்கத்திலேயே சேலம், சங்ககிரி வழியாக ரயில் ஓட ஆரம்பித்துவிட்டது. தானிய மூட்டைகள் ஸ்டேஷன் வரை வந்தன. அங்கிருந்து ஊருக்குக் கொண்டு போக மாட்டுவண்டி வேண்டும். மாடுகள்தான் தீவனம் இல்லாமல் செத்துக்கொண்டிருந்தனவே! தானியம் வந்தாலும் வாங்கக் காசும் வேண்டும்.

அரசாங்கம் நிவாரண வேலைகளைத் தொடங்கியது. சாலை போடுவது, கல் உடைப்பது, குளம் வெட்டுவது. 1877 ஜனவரியில் வைஸ்ராயின் சார்பில் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி வந்தார். செலவைக் குறைக்க வேண்டும் என்பது அவருக்கு இட்ட கட்டளை. வேலை செய்யும் ஓர் ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்றார். ஒரு பவுண்டு என்றால் சுமார் 450 கிராம். அதைத் தின்று நாள் முழுவதும் வெயிலில் கல் உடைக்க வேண்டும்!

இதே ஜனவரி முதல் தேதிதான் டெல்லியில் பிரமாண்டமான தர்பார் நடந்தது. விக்டோரியா 'இந்தியாவின் பேரரசி' என்று அங்கே அறிவிக்கப்பட்டார். காசுகளில் அதுவரை 'விக்டோரியா ராணி' என்று இருந்தது, அதன் பிறகு 'விக்டோரியா பேரரசி' என்று மாறியது. வீட்டில் பழைய காலணா இருந்தால் எடுத்துப் பாருங்கள்!

எண்ணியவர் எழுப்பிய குரல்

டெம்பிளை எதிர்த்து ஒருவர் குரல் கொடுத்தார். அவரும் ஆங்கிலேயர்தான். பெயர் வில்லியம் ராபர்ட் கார்னிஷ். டாக்டர். சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர். வேலை செய்யும் உடம்புக்கு ஒரு பவுண்டு தானியம் போதாது, மக்கள் மெலிந்து மடிவார்கள் என்று அவர் விடாமல் எழுதினார். அதே ஆண்டில் சென்னை அரசாங்கம் கூலியை உயர்த்தியது.

இதில் ஓர் ஆச்சரியம் இருக்கிறது. 1871-ல் சென்னை மாகாணம் முழுவதும் மக்கள்தொகைக் கணக்கு எடுத்தார்கள். நிலத்தை மட்டும் எழுதிப் பழகிய நோட்டுகளுக்கு நடுவே, நிலம் இருக்கிறதோ இல்லையோ, எல்லாத் தலைகளையும் எண்ணிய கணக்கு அது. ஊர் ஊராக அந்தக் கணக்குக்கு உழைத்தவர்கள் கிராம அதிகாரிகள். அதையெல்லாம் தொகுத்துப் பெரிய அறிக்கையாக எழுதியவர் யார்? இதே டாக்டர் கார்னிஷ்தான்! எத்தனை உயிர்கள் இருக்கின்றன என்று எண்ணியவர், அவை குறையப் போகின்றன என்று கண்டதும் சும்மா இருக்கவில்லை.

கப்பலில் போனதும் வந்ததும்

1877 ஆகஸ்டில் சென்னை கவர்னர் பக்கிங்ஹாம் பிரபு இங்கிலாந்து மக்களிடம் உதவி கேட்டார். லண்டன் மேயர் நிதி திரட்டினார். நகரங்களிலும் தேவாலயங்களிலும் வசூல் நடந்தது. பல லட்சம் பவுண்டு சேர்ந்தது. மழை வந்த பிறகு விதை வாங்கவும், மாடு வாங்கவும், கூரை வேயவும் அந்தப் பணத்திலிருந்து கொடுத்தார்கள். பெருக்கல் குறி போட்டுக் கல்யாணம் செய்துகொண்ட யாரோ ஒரு கூலிக்காரரின் செப்புக்காசும் அதில் இருந்திருக்கலாம்!

ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. பஞ்சம் வாட்டிய அதே காலத்தில் இந்தியத் துறைமுகங்களிலிருந்து கோதுமை இங்கிலாந்துக்குக் கப்பலேறிக்கொண்டே இருந்தது. வியாபாரத்தில் அரசாங்கம் தலையிடக் கூடாது என்பது அன்றைய கொள்கை. ஒரு கப்பலில் தானியம் போனது. இன்னொரு கப்பலில் நன்கொடை வந்தது. பசியோடு இருந்தவர்களுக்கு இதில் எது முதலில் தேவை என்று நீங்களே சொல்லுங்கள்.

காலியான இடங்கள்

1881 பிப்ரவரியில் இந்தியா முழுவதும் ஒரே சமயத்தில் மக்கள்தொகைக் கணக்கு எடுத்தார்கள். சேலம் ஜில்லாவின் எண்ணிக்கையைப் பாருங்கள்:

1871-ல் சுமார் 19 லட்சத்து 67 ஆயிரம் பேர்.

1881-ல் சுமார் 16 லட்சம் பேர்.

பத்து வருஷத்தில் 3 லட்சத்து 67 ஆயிரம் பேர் குறைவு! 50 பேர் படிக்கும் வகுப்பில் 9 இடங்கள் காலியாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் இறந்துவிட்டார்கள் என்று அர்த்தம் அல்ல. சிலர் வேறு ஜில்லாக்களுக்குப் போனார்கள். சிலர் இலங்கைத் தோட்டங்களுக்குப் போனார்கள். பஞ்ச காலத்தில் குழந்தைகள் பிறப்பதும் குறைந்தது. ஆனாலும் பசியும், அதோடு வந்த காலரா, அம்மை, காய்ச்சலும்தான் பெரிய காரணம்.

1891 கணக்கில் எண்ணிக்கை சுமார் 19 லட்சத்து 62 ஆயிரம். இருபது வருஷம் ஆகியும் பழைய எண்ணைத் தொட முடியவில்லை!

பஞ்சத்தின்போது சாவுக் கணக்கு ஒழுங்காக எழுதப்படவில்லை. வழியில் விழுந்தவர்களை யார் எழுதுவது? எனவே அவர்களில் பலருடைய பெயர் எந்த நோட்டிலும் இல்லை. 1871 எண்ணுக்கும் 1881 எண்ணுக்கும் நடுவில் உள்ள அந்த இடைவெளிதான் அவர்களுக்கு மிஞ்சிய ஒரே நினைவுச் சின்னம்.

நோட்டு மாறியது, நாடு மாறியது

பஞ்சத்துக்குப் பிறகு ஒரு விசாரணைக் குழு அமைத்தார்கள். 1880களில் பஞ்ச விதிகள் வந்தன. மழை குறைந்ததா, விலை ஏறுகிறதா, ஜனங்கள் ஊரைவிட்டுக் கிளம்புகிறார்களா என்று கிராம அதிகாரிகள் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்றார்கள். நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நோட்டு, மனிதர்களையும் கொஞ்சம் பார்க்க ஆரம்பித்தது!

இங்கிலாந்துக் கூலிக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. 1872 பிப்ரவரியில் வாரிக்‌ஷயரில் உள்ள வெல்ஸ்போர்ன் என்ற கிராமத்தில், ஒரு மரத்தடியில் இரவு நேரத்தில் கூலிக்காரர்கள் கூடினார்கள். ஜோசப் ஆர்ச் என்ற தொழிலாளி பேசினார். அவரும் பண்ணை வேலை செய்து வளர்ந்தவர்தான். அங்கிருந்து ஒரு சங்கம் பிறந்தது. 1884-ல் கிராமத்து ஏழை ஆண்கள் பலருக்கு ஓட்டு கிடைத்தது. 1885-ல் ஆர்ச் பார்லிமென்ட் உறுப்பினர் ஆனார்! 1894-ல் பாரிஷ் நிர்வாகத்துக்கு மக்கள் தேர்ந்தெடுக்கும் கவுன்சில் வந்தது. அதில் பெண்களும் நிற்கலாம். ஊரின் பெட்டிச் சாவி மெல்ல மெல்ல ஊர் மக்கள் கைக்கு வந்தது.

நம் பக்கத்தில் 1884-ல் சென்னை உள்ளூர் வாரியச் சட்டம் வந்தது. சாலை, கிணறு, பள்ளி இவற்றைக் கவனிக்கத் தாலுகா வாரியங்கள் அமைந்தன. ஆனால் சாதாரண மக்கள் எல்லோரும் ஓட்டுப் போட இன்னும் பல வருஷங்கள் காத்திருக்க வேண்டியிருந்தது.

பஞ்சம் ஓய்ந்த 1878-ல், சேலம் ஜில்லாவில் ஓசூர் அருகே தொரப்பள்ளி என்ற கிராமத்தில் ஒரு குழந்தை பிறந்தது. அப்பா அந்த ஊர் முன்சீப். அதாவது, நம் பக்கத்து மணியக்காரர் வேலை. அந்தக் குழந்தை யார் தெரியுமா? ராஜாஜி! 1925-ல் அவர் திருச்செங்கோடு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கினார். 1948-ல் சுதந்திர இந்தியாவின் கவர்னர் ஜெனரல் ஆனார். ஒரு காலத்தில் விக்டோரியாவின் சார்பில் வெள்ளைக்காரப் பிரபுக்கள் உட்கார்ந்த நாற்காலியில், கிராம முன்சீப்பின் மகன் உட்கார்ந்தார்!

மணியக்காரர், கணக்குப்பிள்ளை வேலைகள் பெரும்பாலும் அப்பாவிடமிருந்து பிள்ளைக்குப் போய்க்கொண்டிருந்தன. 1980-ல் தமிழக அரசு அந்தப் பதவிகளை ஒழித்தது. இப்போது அந்த இடத்தில் கிராம நிர்வாக அலுவலர் இருக்கிறார். 'வி.ஏ.ஓ.' என்று சொல்கிறோமே, அவர்தான். தேர்வு எழுதி யார் வேண்டுமானாலும் அந்த வேலைக்கு வரலாம். அன்று திண்ணையில் ஏற விடாத வீட்டுப் பெண் ஒருவர் இன்று அதே ஊரின் நோட்டைத் திறந்து எழுதலாம். மல்லசமுத்திரம் இப்போது பேரூராட்சி. 2016-ல் வந்த சட்டப்படி தமிழக உள்ளாட்சிகளில் பாதி இடங்கள் பெண்களுக்கு.

நீங்களும் எழுதுங்கள்!

இந்த வாரம் உங்களுக்கு ஒரு வேலை. புது நோட்டு ஒன்று எடுங்கள். அப்பாரு, அப்பத்தா, அம்மாயி என்று வீட்டில் பெரியவர்கள் யார் இருந்தாலும் பக்கத்தில் உட்காருங்கள். இந்த நாலு கேள்விகளைக் கேளுங்கள்:

1. உங்கள் தாத்தா, பாட்டி பெயர் என்ன? அவர்களுடைய பாட்டி பெயர்?

2. அவர்கள் எந்த ஊர்? என்ன வேலை செய்தார்கள்?

3. தாது வருஷப் பஞ்சம் பற்றி வீட்டில் ஏதாவது கதை உண்டா?

4. நம் ஊரில் மணியக்காரர் சாவடி எங்கே இருந்தது?

பாட்டிகளின் பெயரைக் கேட்க மறந்துவிடாதீர்கள். பழைய நோட்டுகள் அதிகமாக விட்டுவிட்டது அவர்களைத்தான். சிட்டாவில் இடம் கிடைக்காத அந்தப் பெயர்களுக்கு உங்கள் நோட்டில் ஆளுக்கொரு வரி கொடுங்கள். தேதியும் போட்டு வையுங்கள். பசலியில் போட்டால் இன்னும் ஜோர்!